நிறுத்துதலும் நிற்றலும்

தன்வினை, பிறவினை என்னும் பாடத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். நிற்றல் தன்வினை, நிறுத்துதல் பிறவினை. திருந்தினான் என்பதற்கும் திருத்தினான் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் எளிதில் கற்றுக்கொள்வர். தேர்விலும் பிழையின்றி எழுதிவிடுவர். ஆயினும் இப்பாடத்தில் நாம் கேளாமல் விட்டுவிடும் வினா ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றை நிறுத்தினார் என்றால் அது நின்றுவிட்டது என்று பொருளாகுமா? மழை வந்துவிட்டது, போட்டிகளை நிறுத்துகிறோம் என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். அதே கணத்தில் திடலின் மறுகோடியில் ஒரு சிறுவன் இறுதிக் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறான். நிறுத்துதல் முடிந்துவிட்டது, நிற்றல் இன்னும் நிகழவில்லை. அந்தச் சில நொடிக்குள் யாரேனும் ஓடுகளத்தின் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டால் சிறுவன் விழுவான்.

கணிப்பொறி வல்லுநர்கள் பல்லாண்டுகளாக இந்த இடைவெளியில்தான் இடறி விழுந்து வந்திருக்கின்றனர் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பும், உண்மையைச் சொன்னால், சிறிது மகிழ்ச்சியும் உண்டாயின. இலக்கணம் நடத்துபவனுக்கு அங்கும் வேலை இருக்கிறது அன்றோ?

பொருளை முதலில் விளக்கிவிடுகிறேன். கணிப்பொறியின் இயங்குதளத்திற்கு அடியில், பிற நிரல்கள் எல்லாவற்றுக்கும் நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் உட்கரு ஒன்று இருக்கிறது. பொறியாளர் அதனைக் கெர்னல் என்பர். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் உட்கரு இன்று நம் சட்டைப்பையில் உள்ள ஆண்டிராய்டு கைப்பேசியிலும் இயங்குகிறது. மாபெரும் நிறுவனங்களின் கணினிக் கூடங்களிலும் இயங்குகிறது. இந்த உட்கருவில் வலையமைப்புக்கென்று ஒரு பெரும் பகுதி உண்டு. செய்திகளைப் பொட்டலங்களாக்கி அனுப்புவதும் பெறுவதும் அதன் பணி.

அனுப்பிய பொட்டலம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒப்புகை வரவேண்டும். வராவிட்டால் மீண்டும் அனுப்பவேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது? இணைப்பின் தொடக்கத்தில் 3 நொடி என்று 1989இல் விதி வகுத்தனர். 2011இல் அதனை 1 நொடியாகக் குறைத்தனர். ஒப்புகை வராத ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். பேச்சின்றிக் கிடக்கும் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறதா என்று, நிரல் கேட்டுக்கொண்டால், 2 மணி நேரம் கழித்து ஒரு முறை தட்டிப் பார்ப்பதும் உண்டு. முடிந்துபோன இணைப்பின் சுவட்டைக்கூட லினக்ஸ் 60 நொடி வைத்திருந்துதான் அழிக்கும். வழியில் தாமதமான பொட்டலம் ஏதேனும் வந்து குழப்பிவிடக் கூடாதே என்னும் முன்னெச்சரிக்கை. இவ்வாறு ஒவ்வோர் இணைப்புக்கும் பல டைமர்கள். நான் அவற்றை நேரமணி என்று அழைக்கிறேன். நேரமணி என்பது ஓர் உறுதிமொழிச் சீட்டு. எந்த நேரத்தில், எந்த வேலையை, எந்தப் பதிவேட்டின் மீது செய்யவேண்டும் என்னும் மூன்றும் அதில் எழுதியிருக்கும்.

இலட்சக்கணக்கான சீட்டுகளை ஓர் உட்கரு எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்கிறது என்பது தனிக்கதை. கடிகாரப் பற்சக்கரத்தைப் போல அறைகளைச் சுற்றி அமைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அறையைத் திறந்து பார்க்கும் முறையை 1987இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் வகுத்துக் காட்டியவர் இருவர். அவருள் ஒருவர் மும்பை ஐஐடியில் பயின்ற ஜார்ஜ் வர்கீஸ். லினக்ஸின் நேரமணிகளும் அவ்வகைச் சக்கரத்தில்தான் அடுக்கப்படுகின்றன. மணி அடிப்பதில் பெரும் சிக்கல் இல்லை. அடிக்கவேண்டிய தேவை போய்விட்ட மணியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பதிவேடு இனி வேண்டா. உட்கரு பதிவேட்டை அழித்து, அது இருந்த நினைவக இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பதிவேட்டைக் குறிப்பிடும் சீட்டு ஒன்று சக்கரத்தில் தங்கிவிட்டால்? நேரம் வந்ததும் மணி அடிக்கும். மணியின் வேலைக்காரன் பழைய முகவரிக்குப் போவான். அங்கே இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவன் அதைப் பாரான்; தனக்கு இட்ட கட்டளைப்படி சுவரில் எழுதிவிட்டுப் போவான். விடுவித்த இடத்தைப் பயன்படுத்துதல் என்று இக்குற்றத்திற்குப் பெயர். இதில் கொடுமை யாதெனின், எழுதியவன் போய்விடுவான். பின்னொரு நேரத்தில் அந்தச் சுவரை நம்பிச் சாய்ந்தவன் விழுவான்.

இக்கொடுமையை எனக்கு விளக்கியவர் என் பழைய மாணவர் ஒருவர். பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். தீபாவளி விடுமுறைக்குச் சித்தியவான் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலேயே பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் செய்யும் கருவி, தடுப்பூசி மருந்து வைக்கும் குளிரறைகளின் வெப்பநிலையை ஓயாமல் அளந்து அனுப்புவது. அக்கருவி பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை காரணமின்றிச் செயலிழந்து, தானே மீண்டும் தொடங்கியது. செயலிழந்த இடம் என்று அது காட்டிய பகுதி ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. மூன்று முறை மட்டும், சேமிப்புப் பகுதியை எழுதிய இளம்பெண்ணின் நிரலைக் காட்டிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறையாதவர். மேலாளர் அவரைத்தான் அழைத்துக் கேட்டார், கேட்டதோடு விடவில்லை.

"அவள் எழுதியது சரியாகத்தான் இருந்தது ஐயா. பத்து முறை படித்துவிட்டேன். வேறு யாரோ வந்து அவள் வீட்டில் கைவைத்துவிட்டுப் போகிறார்கள். யார் என்றுதான் தெரியவில்லை" என்றார்.

"தம்பி, வந்தவன் யார் என்பதை விடுங்கள். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் குடியிருந்தவர் யார்?" என்று கேட்டேன். துப்பறியும் கதைகள் படித்த பழக்கத்தால் கேட்டதே தவிர எனக்கு அத்துறையில் அறிவு ஏதுமில்லை. அவர் முறுக்கைத் தட்டில் வைத்தார். அந்த நினைவக இடம் அதற்குமுன் வலையமைப்பு இணைப்பு ஒன்றின் பதிவேடாக இருந்திருக்கக்கூடும் என்றார். பிறகு அவ்விரவு முழுதும் எனக்குப் பாடம் நடந்தது. நான் மாணவன், அவர் ஆசிரியர்.

லினக்ஸில் நேரமணியை நீக்குவதற்கு நெடுங்காலமாக வழங்கிய கட்டளையின் பெயர் டெல் டைமர். நீக்கு என்பதன் சுருக்கமே டெல். பெயரைப் படிக்கும் எவரும் இக்கட்டளைக்குப்பின் மணி இல்லை என்றே நம்புவர். ஆனால் அது செய்வது, இன்னும் அடிக்காமல் சக்கரத்தில் காத்திருக்கும் சீட்டை எடுத்துவிடுவது ஒன்றே. இன்றைய கணிப்பொறிகளில் செயலிகள் பல. இந்தச் செயலி சீட்டை எடுக்க வரும்போது, மற்றொரு செயலி அதே சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம். அப்போது டெல் டைமர் என்ன செய்யும்? காத்திருக்கும் சீட்டு எதுவும் இல்லை என்று கூறித் திரும்பிவிடும். அழைத்தவர் மணி ஒழிந்தது என்று கருதிப் பதிவேட்டை அழிப்பார். மறுபுறத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தந்தையார் நினைவுதான் வந்தது. அவர் பால்மரம் வெட்டியவர். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் நிரைக்குப் போவார். பட்டையில் கத்தி படிந்ததும் பால் கோடாக இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கும். வெட்டுவது ஒரு கணம். சொட்டுவது சில மணி நேரம். வானம் கறுத்து, இன்று வெட்டு வேண்டாம் என்று கங்காணியார் குரல் கொடுத்தால், வெட்டாத மரங்கள் தப்பும். வெட்டிய மரத்துக்கு அந்தக் குரல் கேட்குமா? அது சொட்டிக்கொண்டேதான் இருக்கும். குரல் கேட்டவுடன் மங்கைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனால் பால் மண்ணில் விழும்.

தொல்காப்பியர் காலம் மூன்று என்றார். எதிர்காலத்து மணியை டெல் டைமர் நீக்கும். இறந்தகாலத்து மணியை நீக்கத் தேவையில்லை. நிகழ்காலத்து மணிக்கு அது ஒன்றும் செய்யாது. பிழைகள் பிறப்பது நிகழ்காலத்தில். மாணவரிடம் இதை இவ்வாறு கூறியதும், இதை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம் ஐயா என்றார். ஒட்டினாரா என்று கேட்கவில்லை.

இது கற்பனைக் குற்றமன்று. 2022ஆம் ஆண்டில் லினக்ஸ் வலையமைப்புப் பகுதியில் வெளிப்பட்ட குறை ஒன்றைச் சொல்கிறேன். ரோஸ் என்பது அமெச்சூர் வானொலியாளர்கள் வானலை வழியே பொட்டலங்களை அனுப்பப் பயன்படுத்தும் நெறிமுறை. வானொலியாளர்களின் பணியை விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது அந்தமானின் போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலிக் கருவிகளோடு தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியார்தாம், தொலைபேசிகள் அற்றுப்போன தீவிலிருந்து செய்திகளைப் பெருநிலத்துக்குச் சேர்த்தார். அவர் பயன்படுத்தியது குரல்வழி வானொலி, ரோஸ் அன்று. இத்தகையோர் உழைப்பின் மீது உள்ள மதிப்பினால் இடையில் குறித்தேன்.

ரோஸின் நிரலில் ஒவ்வோர் இணைப்புக்கும் இதயத்துடிப்பு என்னும் நேரமணி ஒன்று உண்டு. 5 நொடிக்கு ஒருமுறை அடித்து, அடுத்த 5 நொடிக்குத் தன்னைத் தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும். இது தவிர வேறு மணிகளும் உண்டு. இணைப்பை மூடும்போது இவற்றை டெல் டைமர் கொண்டே நீக்கிவந்தனர். நிரல் 1990களில் எழுதப்பட்டது. ஒற்றைச் செயலியே வழக்கமாயிருந்த காலத்தில், நீக்குபவரும் அடிப்பவரும் ஒரே நேரத்தில் இயங்கும் வாய்ப்புக் குறைவு. செயலிகள் பெருகிய பின் அந்த நிரல் பழைய நம்பிக்கையிலேயே இருந்துவிட்டது. சிறப்பு அனுமதி எதுவும் பெறாத ஒரு பயனர்கூட இக்குறையைக் கொண்டு உட்கரு முழுவதையும் வீழ்த்த முடியும் என்று தெரிந்தது. பாதுகாப்புக் குறைகளின் பன்னாட்டுப் பட்டியலில் 2022ஆம் ஆண்டின் 2318ஆம் எண்ணாக அது ஏறியது.

தீர்வு எளிது என்று தோன்றலாம். நீக்குபவர், ஓடும் வேலை முடியும்வரை காத்திருக்கட்டுமே! அதற்கும் கட்டளை உண்டு. டெல் டைமர் சிங்க் என்பது அதன் பழைய பெயர். மரத்தடியில் நின்று கடைசிச் சொட்டும் விழுந்தபின் மங்கை எடுப்பது போன்றது. ஆனால் காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பொருளறைச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே கணக்கெடுக்கவேண்டிய ஆசிரியர் வேலையை முடித்துவிட்டு வரட்டும், பிறகு சாவியைத் தருகிறேன் என்று அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவரோ பொருளறை வாசலில் சாவிக்காக நின்றுகொண்டிருக்கிறார். இருவரும் கடமை தவறாதவர்கள். ஆகையால் இருவரும் மாலைவரை அப்படியே இருப்போம். உட்கருவில் பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்க, மணியின் வேலையும் அதே பூட்டைக் கேட்டால் இதே நிலைதான். மனிதராயின் பசி வந்தாவது எழுந்து போவோம். செயலிக்குப் பசியில்லை.

வலையமைப்புப் பகுதியில் பூட்டுகள் மிகுதி. எனவே அங்கே நின்று காத்திருப்பதைவிடச் சிறந்த வழக்கம் ஒன்றை வகுத்திருக்கின்றனர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு பிடிமானக் கணக்கு உண்டு. பதிவேட்டைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் ஒரு பிடி பிடித்துக்கொள்வர். வேலை முடிந்ததும் விடுவர். கணக்கு சுழியாகும்போதுதான் பதிவேடு அழியும். நேரமணியைப் பூட்டும்போது அந்த மணியின் பெயராலும் ஒரு பிடி சேர்த்துக்கொள்ளவேண்டும். சீட்டைக் காத்திருக்கும் நிலையிலேயே எடுத்துவிட்டால், எடுத்தவர் அந்தப் பிடியை விடுவிப்பார். வேலை தொடங்கிவிட்டதாயின், வேலைக்காரன் தன் வேலையை முடித்து, கடைசியாகத் தானே பிடியை விடுவான். யாரும் யாருக்காகவும் நின்று காத்திருக்க வேண்டா. ஆயினும் கடைசி ஆள் வெளியேறும் வரை வீடு இடியாது. ரோஸின் குறையையும் 2022இல் இவ்வழக்கத்தைக் கொண்டுதான் தீர்த்தனர். மணியைப் பூட்டும் இடத்திலும் நீக்கும் இடத்திலும் பிடிமானக் கணக்கோடு கூடிய கட்டளைகளை அமைத்து, வேலையின் இறுதியில் பிடியை விடும் வரியைச் சேர்த்தனர்.

பிடிமானம் என்றதும் சித்தியவான்காரனுக்கு யானைகள் நினைவுக்கு வராமல் இரா. எங்கள் ஊர்ப்பெயர்க் கதை அது. ஆற்றோரச் சேற்றில் ஒரு யானை சிக்கிக்கொண்டதாம். உடன் வந்த யானை அதனை விட்டு அகலாமல் அங்கேயே நின்று, இறுதியில் இரண்டுமே மாண்டனவாம். மாண்ட யானை ஆறு என்று பொருள்படும் மலாய்ப் பெயர் அவ்விடத்துக்கு முன்னர் வழங்கியது. பின்னர் உற்ற நண்பன் என்னும் பொருளுடைய செத்தியா காவான் என்பது சித்தியவான் ஆயிற்று என்பர். நட்புக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை நான் எத்தனையோ முறை காலைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். என் மாணவரோ சிரித்துக்கொண்டே, உட்கருவில் இதுவும் ஒரு குற்றம் ஐயா என்றார். இரண்டு பதிவேடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே விடாமல் நின்றால் இரண்டு கணக்கும் சுழியாவதில்லை. அந்த நினைவகம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தே போகும். அதற்கு நினைவகக் கசிவு என்று பெயர் என்றார். ஊர்க்கதையைப் பொறியியல் இப்படியும் படிக்கும் போலும்!

இதுவரை சொன்னவை இரண்டு. காத்திருக்கும் மணியை நீக்குவது ஒன்று. ஓடும் மணி முடியும்வரை காப்பது மற்றொன்று. மூன்றாவதொன்று உண்டு. அதைக் கண்டுகொள்ள லினக்ஸுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

கடைசிச் சொட்டும் விழுந்து மங்கையும் எடுத்தாயிற்று. மரத்தைச் சாய்க்க ஆள் வந்துகொண்டிருக்கிறது. இந்நிலையில் செய்தி அறியாத வேறொரு வெட்டுக்காரர் அந்த நிரைக்குள் வந்து அதே மரத்தில் புதிதாக ஒரு வெட்டு வெட்டினால்? நேரமணிக்கும் இது நேரும். ஓடும் வேலை முடியும்வரை காத்திருந்தோம், முடிந்தது, பதிவேட்டை அழிக்கத் திரும்பினோம். அந்தச் சிறிய இடைவெளியில் நிரலின் மற்றொரு பகுதி அதே மணியை மீண்டும் பூட்டிவிடுகிறது.

குவால்காம் சில்லுகளுக்கான புளூடூத் இயக்கியில் நிகழ்ந்தது இதன் சிக்கலான வடிவம். அங்கே நேரமணி அடித்தால் வேலைவரிசையில் ஒரு வேலையைச் சேர்க்கும். வேலைவரிசையில் உள்ள வேலை ஓடினால் நேரமணியைப் பூட்டும். இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும் இரட்டையர். கருவியைக் கழற்றும்போது இருவரையும் ஓயவைக்கவேண்டும். யாரை முதலில்? மணியை முதலில் நிறுத்தினால் வரிசையில் மீந்திருந்த வேலை மணியை மீண்டும் பூட்டும். வரிசையை முதலில் கலைத்தால், இன்னும் உயிருள்ள மணி அடித்து, இல்லாத வரிசையில் வேலையைச் சேர்க்கப் போகும். முன்பு ஒருமுறை இதைத் திருத்தியவர்கள் வரிசையை முதலில் கலைத்து, மணியைப் பின்னர் காத்து நீக்கும்படி முறையை மாற்றியிருந்தனர். வெடிக்கும் வாய்ப்புக் குறைந்தது, குறை போகவில்லை.

ஒழுங்குமுறை பற்றிய இப்பகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் வேறிடத்துக்குப் போய்விட்டது. நான் பிறந்த தோட்டம் சித்தியவானிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, பெயர் வேண்டா. தோட்டம் கைமாறியபோது வேலை முடிவு அறிவிப்பை ஒட்டினார்கள். வெட்டு நின்றது. நிர்வாகக் கணக்கின்படி தோட்டம் அன்றோடு முடிந்தது. ஆனால் லயத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. என் தம்பிக்கு அவ்வாண்டு இறுதியில் தேர்வு. அதற்குமுன் எங்கும் நகர முடியாது. முதலில் ஆயாக் கொட்டகையை மூடினார்கள். பிறகு மருந்தகம். அதற்குப்பின் குழாய்த் தண்ணீரை அடைத்தார்கள். அடைத்தவர் கெட்டவர் அல்லர். முடிந்துபோன தோட்டத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று அவருடைய தாளில் இருந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் என் தாயார் அடுத்த தோட்டத்திலிருந்து இரண்டு தகர வாளியில் தண்ணீர் சுமந்தார். வேலையை நிறுத்தினார்கள், வாழ்க்கை நின்றிருக்கவில்லை. தம்பி தேர்வில் நன்றாகவே தேறினான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இம்மூன்றாவது சிக்கலுக்குத் தனிக்கட்டளை ஒன்றை லினக்ஸில் உருவாக்கினர். அழிக்கப்பட்ட பொருளின் மணி அடித்து உட்கரு வீழ்வதும், வீழ்ந்தபின் அது யாருடைய மணி என்றே தெரியாமல் போவதும் அடிக்கடி நிகழ்வதைக் கண்டு இதனை வலியுறுத்தியவர் ஸ்டீவன் ரோஸ்டெட். அதற்கு முழு வடிவம் கொடுத்துப் புளூடூத் இயக்கியையும் சரிசெய்தவர் நேரமணிப் பகுதியைப் பராமரிக்கும் ஜெர்மானியர் தாமஸ் கிளைக்ஸ்னர். 2023 பிப்ரவரியில் வெளிவந்த 6.2ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. டைமர் ஷட்டவுன் சிங்க் என்பது அதன் பெயர். காத்திருக்கும் சீட்டை அது எடுத்துவிடும். ஓடும் வேலை முடியும்வரை காத்திருக்கும். அதன்பின் சீட்டில் எந்த வேலை என்று எழுதியிருந்த இடத்தை வெறுமையாக்கிவிடும். வேலை எழுதாத சீட்டை யார் பூட்ட முயன்றாலும் உட்கரு அம்முயற்சியைப் பொருட்படுத்தாது. தோட்டத்து வழக்கில் சொன்னால், மரத்தின் பட்டையில் சாயம் பூசிவிடுவது. சாயம் கண்ட மரத்தில் கத்தி படாது. இப்போது இரட்டையரில் மணியை முதலில் இவ்வாறு முடித்து, வரிசையைப் பின்னர் கலைக்கலாம். மீந்திருந்த வேலை மணியைப் பூட்டப் பார்க்கும், பூட்டு விழாது, வேலையும் முடிந்து அடங்கும்.

இக்கட்டளையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பூட்ட முயன்றவரிடம் இது முடிந்துபோன மணி என்று அது எச்சரிப்பதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறது. வகுப்பில் தவறான விடை சொன்ன மாணவனிடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனிடம் போகும் ஆசிரியரை நான் பாராட்டமாட்டேன். மாணவர் இதற்கு விடை சொன்னார். கருவியைக் கழற்றும் நேரத்தில் அத்தகைய முயற்சி நிகழ்வது இயல்பு. அதைக் குற்றமாகக் கூவினால் ஒவ்வொரு கழற்றலிலும் கூச்சலே மிஞ்சும் என்றார். பாதி ஏற்றுக்கொண்டேன்.

பழைய பெயர்களுக்கும் முடிவு வந்தது. டெல் டைமர் என்னும் பெயரும் அதன் உறவுப் பெயரும் 2025இல் வந்த 6.15ஆம் பதிப்பில் உட்கரு முழுவதிலும் மாற்றப்பட்டன. டைமர் என்னும் சொல் முன்னும், டிலீட் என்னும் முழுச்சொல் பின்னுமாக வைத்து ஒரு குடும்பத்துப் பெயர்களை ஒரே ஒழுங்கில் அமைத்தனர். நல்ல ஒழுங்குதான். ஆனால் காத்திருக்காமல் நீக்கும் கட்டளை இன்னும் நீக்கு என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டிருந்தால் அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பினாங்குக்குத் திரும்பிய மாணவர் இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். குறை, வெளியாரிடம் வாங்கிச் சேர்த்த வானலை இணைப்பு இயக்கியில் இருந்ததாம். இணைப்பு அறுந்து மீளும் ஒவ்வொரு முறையும் காத்திராமல் மணியை நீக்கிப் பதிவேட்டை அழித்திருக்கிறது. குளிரறையின் கனத்த இரும்புக் கதவு மூடும்போதெல்லாம் இணைப்பு அறும். பல்லாயிரம் முறையில் ஒருமுறை நேரம் தவறிப் பொருந்திவிடும். அந்த இளம்பெண் எழுதிய பகுதியில் ஓர் எழுத்தும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மேலாளர் அதை எழுத்தில் கொடுத்தாரா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார், நான் நின்று வாங்கினேன் ஐயா என்றார்.

பிறகு அவர் ஒரு வேலை கொடுத்தார். தொழிற்சாலையில் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு இம்மூன்றையும் தமிழில் விளக்க விரும்புகிறாராம். மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டுமாம். முதலாவதற்கு விலக்குதல் என்று கொடுத்தேன். இரண்டாவதற்குக் காத்து நீக்குதல். மூன்றாவதுதான் இடர் செய்தது. மூடுதல் என்றால் திறக்கலாம். அணைத்தல் என்றால் ஏற்றலாம். நிறுத்திவைத்தல் என்றாலோ தொடர்வதற்காகவே நிறுத்தியதாகும். அவித்தல் என்று எழுதி அனுப்பினேன். விளக்கை அவித்தல் என்னும் வழக்கும் அதில் இருக்கிறது. அவித்த நெல் முளைக்காது என்பதும் இருக்கிறது. மறுநாள் விடை வந்தது. சொல் பொருத்தம்தான் ஐயா, ஆனால் அவித்த நேரமணி என்று பலகையில் எழுதியதும் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மரவள்ளிக்கிழங்கு நினைவு வருகிறதாம் என்று எழுதியிருந்தார். வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். இதனைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கேனும் தோன்றினால் எனக்கு எழுதலாம்.